த்ராட்டில் சேர்வோ: ராட்ட மாத்துறதா, ரிமோட்ட மாத்துறதா?

அக்கா மகனுக்கு போன மாசம் ஒரு நைட்ரோ கார் (நைட்ரோ எண்ணெய்ல ஓடுற குட்டி என்ஜின் வச்ச ரிமோட் கார்) வாங்குனோம், நெஜ கார்ல 10ல 1 சைஸ், 18 என்ஜின் (0.18 கன அங்குலம்), கொழும்புல ஒருத்தர் பாவிச்சது. ஹட்டன் வரைக்கும் பஸ்ல மடியில வச்சே கொண்டு வந்தோம், வந்து தோட்டத்து கிரவுண்ட்ல விட்டா ட்ரிகர விட்ட பிறகும் கார் தவழுது, பிரேக் புடிச்சா சேர்வோ (ரிமோட் சொல்ற அளவு ஒரு கைய திருப்புற குட்டி மோட்டார்) ஙொய்ய்னு கத்துது. சரி பண்ண உக்காந்தா வீட்டுல ரெண்டு கட்சி. த்ரீவீல் கராஜ் வச்சிருக்குற அண்ணே "ராட்ட சரி பண்ணுடா, அக்சலேட்டர் கேபிள் மாதிரிதான்"ங்கிறாரு, ராடுன்னா சேர்வோ கையையும் கார்ப்ரேட்டரையும் இணைக்கிற கம்பி. மருமகன் "மாமா, ரிமோட்ல இபிஏ இருக்கு, நம்பர கொறச்சா முடிஞ்சுது"ங்கிறான், இபிஏன்னா சேர்வோ எது வரைக்கும் திரும்பலாம்னு நூத்துக்கு இத்தனைன்னு வைக்கிற செட்டிங். ரெண்டையும் செஞ்சு பாத்துட்டுதான் எழுதுறேன்.

கரண்ட் கார் வச்சிருக்கவங்களுக்கு முதல்ல ஒண்ணு, உங்க கார்ல த்ராட்டில் சேர்வோவே கெடையாது, அந்த வேலைய ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற பெட்டி) பாக்குது, அதுக்கு கீழ வர்றேன். நைட்ரோல ஒரே சேர்வோ ரெண்டு வேல செய்யும், ஒரு பக்கம் திரும்புனா கார்ப்ரேட்டர தொறக்கும், மத்த பக்கம் திரும்புனா பிரேக்க அமுக்கும். பாதி கொழப்பம் அதாலதான்.

அண்ணே வழி என்னன்னா, மொதல்ல ரிமோட்டையும் அப்புறம் காரையும் ஆன் பண்ணி, ட்ரிம்ம (சேர்வோவோட நடு இடத்த நகத்துற குமிழ்) நடுவுல வச்சு, சேர்வோ கைய கழட்டி ராடுக்கு நேர் செங்குத்தா நிக்குற மாதிரி திருப்பி மாட்டணும் (சேர்வோ தண்டுல கை ஏறுற பல்லு எண்ணிக்கை கம்பெனிக்கு கம்பெனி வேற, ஃபுடாபா 25, ஹைடெக் 24, ஜேஆர் 23, கைய மாத்தி வாங்குனா ஏறாது, நான் ஏமாந்தேன்). பிறகு ஏர் ஃபில்டர கழட்டிட்டு என்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே கார்ப்ரேட்டர் வாய்க்குள்ள பாக்கணும். ட்ரிகர தொடாம இருக்கும்போது அரை மில்லிமீட்டர்ல இருந்து ஒண்ணுக்குள்ள ஒரு சந்து மட்டும் தெரியணும், அதுக்கு ஐடில் ஸ்க்ரூ இருக்கு. எங்க கார்ல காலர் (ராட்ட இறுக்கி நிறுத்துற சின்ன வளையம்) தள்ளி இருந்து ராடு எப்பவுமே கார்ப்ரேட்டர இழுத்துக்கிட்டே இருந்துச்சு, தவழ்ந்ததுக்கு காரணம் அதுதான். காலர ரெண்டு மில்லிமீட்டர் நகத்துனேன், நின்னுருச்சு. ஒரு சதம் செலவில்ல.

சேர்வோ கையில ஓட்டை நாலு இருக்கும். உள்ளுக்க உள்ள ஓட்டைல மாட்டுனா ஓட்டம் கம்மி, பலம் கூட. வெளி ஓட்டைன்னா ஓட்டம் கூட, பலம் கம்மி. நடுவுல இருந்து 10 மில்லிமீட்டர்ல மாட்டி கை 45 பாகை திரும்புனா ராடு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் போகும், 14ல மாட்டுனா 10 போகும். கார்ப்ரேட்டருக்கு வேண்டியத விட ராடு கூட போச்சுன்னா மிச்ச தூரம் பூரா சேர்வோ சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது, அந்த ஙொய் சத்தம் அதுதான். பேட்டரி இறங்கும், பிளாஸ்டிக் பல்லு உதிரும்.

இப்ப மருமகன் வழி. சேர்வோவுக்கு ரிமோட் அனுப்புறது ஒரு துடிப்பு, நடு 1500 மைக்ரோ செக்கன், ரெண்டு முனையும் சும்மா 1000, 2000னு வைங்க. இபிஏ அந்த முனைய ரெண்டு பக்கமும் தனித்தனியா கொறைக்கும் கூட்டும், த்ராட்டில் 90, பிரேக் 60ன்னு வைக்கலாம். ராடால இத அவ்வளவு நைஸா செய்ய ஏலாது, உண்மைய ஒத்துக்கணும். பிரேக்குக்கு இத விட்டா வேற வழியே வேணாம்: கார தரையில தள்ளிக்கிட்டே பிரேக் புடிங்க, டயர் இறுகுற இடத்துக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் நம்பர கொறைங்க. எங்க பக்கம் சமதரைன்னு ஒண்ணு கெடைக்காது, லயத்து ரோட்டு எறக்கத்துல டயர் ஒரேயடியா இறுகுனா கார் சுத்திக்கிட்டு கானுக்குள்ள போய் விழும்.

ஆனா அவன் மொதல் நாளே ராட்ட தொடாம நம்பர மட்டும் 50க்கு கொண்டு போய்ட்டான். சத்தம் நின்னுச்சு, ஆனா சேர்வோ பாதி தூரம்தான் திரும்புது, பலமும் கெடைக்கல, ட்ரிகர் நுணுக்கமும் போச்சு, கொஞ்சம் அழுத்துனதும் ஒரே பாய்ச்சலா பாயுது. அதுனால என் கணக்கு, த்ராட்டில் நம்பர் 70க்கு கீழ போச்சுன்னா அது ரிமோட் வேல இல்ல, ஓட்டைய மாத்துங்க. மலிவு ரிமோட்ல இபிஏவே இருக்காது, டி/ஆர் (டூயல் ரேட்) குமிழ் மட்டும் இருக்கும், அது அனேகமா ஸ்டியரிங்குக்கு, அத திருகிட்டு த்ராட்டில் மாறலையேன்னு அழுறவங்கள பாத்திருக்கேன்.

கரண்ட் கார்காரங்க சின்னவங்களுக்கு வேகம் கொறைக்கணும்னா ட்ராக்சாஸ் கம்பெனி எக்ஸ்எல்-5 ஈஎஸ்சில ட்ரெய்னிங் மோட் இருக்கு, பாதி வேகம்தான் போகும், அது இருந்தா இபிஏ பக்கமே போக வேணாம். இல்லன்னா 100ல வச்சு ஈஎஸ்சிய கேலிப்ரேட் பண்ணுங்க (ட்ரிகரோட ஃபுல் எதுன்னு அதுக்கு படிச்சுக் குடுக்குறது), அதுக்கு அப்புறம்தான் கொறைக்கணும். முதல்லயே கொறச்சிட்டு கேலிப்ரேட் பண்ணா ஈஎஸ்சி அந்த கொறஞ்சதையே ஃபுல்லுன்னு படிச்சுக்கும், புள்ள கையில பழைய வேகம் அப்பிடியே.

இன்னொண்ணு, ஃபுல் த்ராட்டில்ல என்ஜின் மொனங்குனா உடனே ராட்ட திட்டாதீங்க. நுவரெலியா 1868 மீட்டர், காத்தழுத்தம் கடலோரத்த விட ஏறத்தாழ ஐஞ்சில ஒரு பங்கு கம்மி, கொழும்புல ட்யூன் பண்ண கார் இந்த மாதிரி மலைல காத்து கொறஞ்சு எண்ணெய் கூடி போய் மொனங்கும். கார்ப்ரேட்டர்ல எண்ணெய் அளவ வைக்கிற ஊசிய மணிக்கூட்டு முள்ளு ஒரு மணி நகர்ற அளவு உள்ளுக்கு திருகி பாருங்க, பொக வர்றது நிக்கக்கூடாது.

கடைசியில வாயில பாத்து ராட்டும் காலரும் அண்ணே போட்டாரு, பிரேக் நம்பர் மருமகன் போட்டான், 65. எல்லாம் முடிஞ்சு கார ஸ்டாண்டுல தூக்கி வச்சு ரிமோட்ட ஆஃப் பண்ணி பாத்தா சேர்வோ திரும்பவும் ஙொய்னு பிரேக் பக்கம் முட்டுது. ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தா சேர்வோ எங்க போய் நிக்கணும்ங்கிற செட்டிங்) பிரேக்கோட பழைய நம்பர் 100ஐயே ஞாபகம் வச்சிருக்கு. திரும்ப செட் பண்ணிட்டுதான் அன்னைக்கு கிரவுண்டுக்கு போனோம், அதுக்குள்ள மிஸ்ட் எறங்கிருச்சு.