கிரேனா, ஜேசிபியா: அக்கா மகன் கேட்ட கேள்வி

அக்கா மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு இரண்டு மாதமாகப் பாலக்கோட்டில் வீட்டோடு இருக்கிறான். "மாமா, ஜேசிபி கத்துக்கட்டுமா, இல்ல ஓசூர்ல கிரேன் ஆபரேட்டர் வேலைக்குப் போகட்டுமா?" என்று போன வாரம் கேட்டான். இரண்டு சீட்டிலும் உட்கார்ந்தவன் நான். நாலு வருஷம் ஜேசிபி, அப்புறம் இன்று வரை தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடும் ஈஓடி கிரேன்.

நுழைவது சுலபம் என்று பார்த்தால் ஜேசிபிதான். ஹெல்பராகச் சேர வேண்டும். காலையில் கிரீஸ் அடிப்பது, டீசல் பிடிப்பது, பக்கெட் பல் தேய்ந்தால் மாற்றுவது. மத்தியானம் ஆபரேட்டர் புளியமரத்தடியில் சாயும் நேரத்தில் லீவரைத் தொட்டுப் பழகுவது. ஒரு வருஷத்தில் கை வந்துவிடும். எந்த ஓனரும் மார்க் ஷீட் கேட்டு நான் பார்த்ததில்லை. "அந்த வரப்ப எடுத்துக் காட்டு" என்பார், அதுதான் இன்டர்வியூ. ஆனால் ஜேசிபி டயர் வண்டி, ரோட்டில் ஓடுவது. அதனால் டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம். செயின் வைத்த பொக்லைன் டிரெய்லரில் ஏறிப் போகும், அது வேறு கதை. (பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். நம் ஊரில் அது வண்டிக்கே பெயராகிவிட்டது.) டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2019-இல் மத்திய அரசு எடுத்துவிட்டதால், படிப்பு பாதியில் நின்ற பையன்களுக்கு லாரி, டிரெய்லர் வழியும் திறந்திருக்கிறது.

கிரேனுக்கு ஆர்டிஓவிடம் வேலையே இல்லை. கம்பெனி கேட்டில் கேட்பது வேறு: ஐடிஐ இருக்கிறதா, முன் அனுபவம் உண்டா, கண் எப்படி, உயரம் பயமா. அப்ரண்டிஸ் சட்டத்தில் ஓவர்ஹெட் கிரேன் ஆபரேட்டர் என்று தனி டிரேடே உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஸ்டீல் ஆலைகளுக்கானது. இங்கே ஒரு விஷயத்தைப் பையன்கள் கவனிப்பதில்லை. ஓசூர் சிப்காட்டில் நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட ஷெட்களில் கிரேன், மேலிருந்து கேபிளில் தொங்கும் பட்டன் பெட்டியிலோ (பென்டன்ட்) ரிமோட்டிலோ ஓடுகிறது. அதை ஃபிட்டரே ஓட்டிக்கொள்கிறார். மேலே கேபினில் உட்கார்ந்து ஓட்டும் வேலை ஃபவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை), கனரக ஷாப் மாதிரி இடங்களில்தான். ஆக, "கிரேன் ஆபரேட்டர்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போகிறவனைவிட "கிரேன் தெரிந்த ஃபிட்டர்" என்று போகிறவனுக்குக் கதவு அதிகம்.

சரி, கிரேனில் அப்படி என்ன கற்க வேண்டும்? லாங் டிராவல் (ஷெட்டின் நீளத்துக்கு ஓட்டுவது), கிராஸ் டிராவல் (குறுக்கே ஓட்டுவது), ஹாய்ஸ்ட் (ஏற்றி இறக்குவது), மூன்றையும் பத்து நாளில் பழகலாம். கற்க வேண்டியது எடை. நான் சேர்ந்த புதிதில் ஒரு கிரானைட் ஃபேக்டரியில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் ஒன்று வந்து இறங்கியது. எங்களுடையது 15 டன் கிரேன். "பதினஞ்சுக்கு உள்ளதான் இருக்கும், தூக்கு" என்றார் சூப்பர்வைசர். சீனியர் அண்ணன் பட்டனைத் தொடவில்லை. டேப்பை எடுத்தார். நீளம் 3 மீட்டர், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. 6.75 கன மீட்டர். கிரானைட் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். கையிலேயே சாக்பீஸால் பெருக்கினார்: 18 டன்னுக்கு மேல். அன்று அந்தக் கல் தரையிலேயே கிடந்தது, சூப்பர்வைசர் முகம் சாயங்காலம் வரை உர்ரென்று இருந்தது.

அடுத்தது ரோப் கோணம். இரண்டு கால் ஸ்லிங்கில், அதாவது கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து சுமையைப் பிடிக்கும் ரோப்பில், 10 டன் தொங்குகிறது என்று வையுங்கள். ரோப் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒரு காலுக்கு 5.8 டன் இழுப்பு. அதே ரோப் தட்டையாகப் படுத்து 30 டிகிரிக்கு வந்தால் ஒரு காலுக்கே 10 டன். கல்லும் அதே, கிரேனும் அதே, ரோப் மட்டும் அறுந்துபோகலாம். தரையிலிருந்து அரை அடி தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். சாய்த்து இழுக்கவே கூடாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 29-ஆம் பிரிவே இதற்காக இருந்தது: தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாகச் சோதிக்க வேண்டும், தாங்கும் எடையை எழுதி வைக்க வேண்டும், தண்டவாளம் பக்கம் ஆள் வேலை செய்தால் கிரேன் 6 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது.

ஜேசிபியில் கணக்கு குறைவு, காது அதிகம். செம்மண்ணில் பக்கெட் இறங்கும் சத்தம் ஒன்று, பாறையில் உரசும் சத்தம் வேறு, சொட்டு நீர் மெயின் பைப்பைத் தொடும்போது சத்தமே வராது, கையில் ஒரு நழுவல் மட்டும் தெரியும். அது தெரியாதவன் மாந்தோப்புக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். தலைக்கு மேல் கரண்ட் கம்பி போனால் பூமை (பக்கெட்டைத் தாங்கும் நீளக் கையை) தூக்கும் முன் இறங்கி நின்று ஒரு முறை பார்க்க வேண்டும். இதை மட்டும் நான் யாருக்கும் இரண்டு தடவை சொல்வேன்.

காசு விஷயம். ஜேசிபியில் சம்பளத்தோடு தினப் பேட்டா, கையில் உடனே வரும். ஆனால் மழை இறங்கினால் வயலில் டயர் இறங்காது, பேட்டாவும் இல்லை. கிரேன் வேலையில் பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ் உண்டு, கான்ட்ராக்டில் சேர்ந்தால் அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நைட் ஷிப்ட் தப்பாது. ஒன்றை மறைக்கக் கூடாது: ஜேசிபி ஓட்டியவன் லோன் போட்டு ஒரு நாள் சொந்தமாக வண்டி வாங்கலாம். ஈஓடி கிரேனை யாரும் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தப் போவதில்லை.

நடுவில் ஹைட்ரா என்று ஒன்று இருக்கிறது, எடையைத் தூக்கிக்கொண்டே ஓடும் வண்டி. பள்ளத்தில் ஒரு டயர் இறங்கினால் சாய்ந்துவிடும். பெரிய கட்டுமானத் தளங்கள் சிலவற்றில் உள்ளேயே விடுவதில்லை. நான் அவனை அனுப்ப மாட்டேன்.

ஃபிட்டர் சர்டிபிகேட் கையில் இருப்பதால் கிரேன் பக்கம் போ, முதல் வருஷம் ரிக்கர் (சுமையை ரோப்பில் கட்டி கொக்கியில் மாட்டுபவர்) கூட நின்று ரோப் கட்டக் கற்றுக்கொள், அதோடு லைசென்ஸும் எடுத்து வை என்றேன். வெறும் கையோடு வந்திருந்தால் ஜேசிபி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. அக்கா வீட்டு வாசலில் கல் திண்ணைப் பலகை ஒன்று கிடந்தது. "எவ்ளோ வெயிட் இருக்கும் மாப்ள?" என்றேன். "நூறு கிலோ." அளந்தோம். 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம். 270 கிலோ. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லை அளக்கப் போய்விட்டான்.