ரிவர்ஸ் எடுத்த பிறகு மட்டும் ஒரு 'டொக்'

எங்கள் வீடு குறுகலான சந்துக்குள் இருக்கிறது. ராத்திரி காரை நேராக உள்ளே விட்டு நிறுத்தினால், காலையில் ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க வேண்டும். சந்து முனைவரை பின்னாலேயே போய், முதல் கியர் போட்டு நகர்ந்து, திருச்சி ரோட்டைத் தொடும் முன் பிரேக்கை மிதிப்பேன். அப்போது இடது முன்சக்கரத்திலிருந்து 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை எத்தனை தடவை மிதித்தாலும் ஒன்றும் கேட்காது. இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். அதைச் சரிசெய்து கொடுத்த ஒரு சின்னப் பட்டறையைப் பற்றித்தான் இது.

வண்டி 2017 வேகன் ஆர். முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில்தான் விட்டேன். அங்கிருந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "சத்தம் ஒண்ணும் வரலையே மேடம்" என்றார். ஆனால் சாயங்காலம் என் கணவருக்கு போன் போகிறது (வண்டி என் பெயரில், ஓட்டுவதும் நான்): முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) இரண்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் பேடையும் மாற்ற வேண்டும், 8,400 ரூபாய். சத்தமே கேட்காதவருக்கு டிஸ்க்கில்தான் கோளாறு என்று எப்படித் தெரிந்தது? வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் டீச்சர் சொல்லித்தான் கோவை சிங்காநல்லூர் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது. தகரக் கொட்டகை, ஒரு வேப்ப மரம், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். நடத்துகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் போனபோது ஒரு ஸ்விஃப்ட்டுக்கு அடியில் இருந்தார். பிரேக் போடாமலே 'கர்ர்' என்று உரசிக்கொண்டு வந்த வண்டி. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஜல்லி மாட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, வளைந்த தகட்டைக் கையாலேயே நிமிர்த்திவிட்டு அனுப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

என் முறை வந்ததும் ஜாக்கியை எடுப்பார் என்று பார்த்தால், கேள்வியாகக் கேட்டார். மிதிக்கும்போதா, விடும்போதா? மழை பெய்த மறுநாள் மட்டுமா? (அப்படி என்றால் டிஸ்க்கில் ராத்திரி படிந்த துரு, நாலு தடவை மிதித்தால் போய்விடும் என்றார்.) கீச்சென்று இழுக்கிறதா, தட்டுகிற மாதிரியா? கடைசியாக ஒன்று கேட்டார்: "வீட்டுல இருந்து ரிவர்ஸ்ல எடுக்கறீங்களாக்கா?"

ஆமாம் என்றேன். "அப்ப நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

கண்ணாடியை இறக்கச் சொல்லி, ஒரு காம்பவுண்ட் சுவரை ஒட்டியே ஓட்ட வைத்தார். சுவரில் பட்டுத் திரும்பும்போது சத்தம் தெளிவாகக் கேட்குமாம். பத்தடி பின்னால், பிரேக். பத்தடி முன்னால், பிரேக். டொக். மறுபடி முன்னால், பிரேக்: ஒன்றுமில்லை. மறுபடி ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்தால்: டொக். சர்வீஸ் சென்டர்காரர் முன்னால் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சக்கரத்தைக் கழற்றி, பேடை என் விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பல் ஆடுகிற மாதிரி ஆடியது. பேட் உட்காரும் பிராக்கெட்டில் மேலும் கீழும், பேட் ஆடாமல் பிடிக்க, மெல்லிய எஃகு கிளிப் இருக்க வேண்டும். கீழே இருக்க வேண்டியதைக் காணோம். வண்டி முன்னால் போகும்போது பிரேக் போட்டால், சுழலும் டிஸ்க் பேடை ஒரு பக்கமாக இழுத்து ஒதுக்கும். ரிவர்ஸில் போட்டால் எதிர்ப்பக்கம். திசை மாறியதும் போடும் முதல் பிரேக்கில் பேட், கிளிப் இல்லாத அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் இடிக்கிறது. அப்புறம் அங்கேயே நின்றுவிடுவதால் சத்தம் இல்லை. போன வருஷம் வேறொரு இடத்தில் அவசரமாக பேட் மாற்றினேன். கிளிப் அங்கேதான் விழுந்து கிடக்கும்.

பேட் இன்னும் 6 மில்லிமீட்டர் கனம் இருந்தது. டிஸ்க் நன்றாகவே இருந்தது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் பின் ஒன்று வறண்டிருந்ததால் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை உப்பிவிடும் என்றார். கிளிப் செட் 300, கூலி 400, ஆக 700 ரூபாய். முடித்ததும் வண்டியை எடுக்க விடவில்லை. பிரேக் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை மிதிக்க வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

குறையும் உண்டு. கிளிப் வாங்கி வரப் பையனை டவுனுக்கு அனுப்பியதில் இரண்டரை மணி நேரம் போனது. பக்கத்து பேக்கரியில் மூன்று டீ குடித்துவிட்டேன். பில் கேட்டால் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித் தருகிறார். ஆபீஸில் காட்டிப் பணம் வாங்க வேண்டியவர்களுக்கு அது உதவாது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது என்று வந்த ஒருவரை, அந்தக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் தன்னிடம் இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஞாயிறு லீவு. காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. பின்சக்கர டிரம் பிரேக்கில் தூசி சேர்ந்திருக்கிறது, அவசரமில்லை, வால்பாறை போவதாக இருந்தால் அதற்கு முன் கழற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. பரீட்சை லீவில் போகிறோம், அதற்கு முந்தின வாரம் வண்டி அவரிடம்தான் நிற்கும்.