காலையில் மட்டும் கத்தும் இன்ஜின்: ரங்கூன் ஒர்க்‌ஷாப் அனுபவம்

ஊருக்கு வந்து இறங்கினால் ரங்கூனில் பல வீட்டு வாசலிலும் நிற்பது பழைய டொயோட்டா புரோபாக்ஸ். இரவெல்லாம் நின்ற வண்டியை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஓரத்தில் கரகரவென்று ஒரு சத்தம், சில நொடியில் அடங்கிவிடும். அதை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது. சயா (இங்கே மெக்கானிக்கை இப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்) சாவியைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் கேட்காது. தன் காதால் கேட்காத சத்தத்துக்கு "செயின் மாற்ற வேண்டும்" என்று செலவுக் கணக்கு சொல்வதுதான் இந்த முறை கண்ட பெரிய குறை.

ஆகவே முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். காலையில் சயா பக்கத்தில் நிற்கும்போதுதான் முதல் ஸ்டார்ட். ஒருவர் பானெட்டருகே நின்று கேட்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஆயில் விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ண வேண்டும். அப்படி விட முடியாதென்றால், சாவி திருப்பும் முன்பிருந்தே போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள்.

சேசிஸ் தகட்டில் என்சிபி51 என்ற மாடல் குறி உள்ள புரோபாக்ஸில் இருப்பது 1.5 லிட்டர் 1என்இசட்-எஃப்இ இன்ஜின். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்தச் செயினை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. கேம்ஷாஃப்ட் முனையில் இருந்து வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ கியரும் அப்படியே. ஒரே ஒரு நொடி 'கர்ர்' என்று கேட்டு நின்றால், அந்தக் கியரின் பூட்டு ஊசி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் வந்து சேரும்வரை உள்ளேயுள்ள தகடு முன்னும் பின்னும் மோதுகிறது. ஊசியை மட்டும் மாற்ற முடியாது, கியரையே மாற்ற வேண்டும். அவசரமில்லை.

மூன்று முதல் ஐந்து நொடி நீடித்தால் முதலில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். நின்ற இன்ஜினிலிருந்து ஆயில் கீழே வடியாமல் அது தடுக்கிறது. மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாது. பழைய வண்டி என்றாலே 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், கெட்டியான ஆயில் மேலே ஏற இன்னும் தாமதமாகும். சூட்டில் சத்தம் குறைந்ததுபோல் தெரிந்தாலும் காலை ஸ்டார்ட்டில் தேய்மானம் கூடும். 5டபிள்யூ-30 ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர், தரமான ஃபில்டர் ஒன்று: எதையும் கழற்றுமுன் இதைச் செய்துவிட்டு மறுநாள் காலை கேளுங்கள்.

இன்னொரு சோதனைக்கும் செலவில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்ஜின் பற்றிக்கொள்ளாமலிருக்க, பெட்ரோல் செலுத்தும் அமைப்புக்கான இஎஃப்ஐ ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஐந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு உடனே ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் வரவில்லையென்றால் ஆயில் தாமதம்தான் காரணம். அப்போதும் வந்து, சூடான பிறகும் தொடர்ந்தால் செயின் நீண்டிருக்கலாம். மாற்றுவதானால் செயின், டென்ஷனர், இரண்டு வழிகாட்டிப் பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். முன்கவரைத் திரும்ப ஒட்டும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டாவிட்டால் ஆயில் கசியும், கூலி இரண்டு முறை போகும்.

செயினோடு குழப்பிக்கொள்ளும் சத்தங்களும் உண்டு. மழைக்காலக் காலையில் 'கீச்' என்பது வெளி பெல்ட். ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கம் சிறிது தண்ணீர் தெளித்தால், சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு, நின்று திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை. 'டிக் டிக்' என்று ஆரம்பித்து, சூடேறச் சூடேறத் தேய்ந்து மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். ஓரத்தில் கரி படிந்திருக்கும். சாவியை விட்ட கணத்தில் அரைத்தால் ஸ்டார்ட்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதருகே எலும்பில் வைத்து, முனையை செயின் கவர், வால்வு கவர் என்று மாற்றி மாற்றி வைத்தால் இடம் பிடிபடும். சுற்றும் பெல்ட்டிலிருந்து கையும் துணியும் தள்ளியிருக்கட்டும்.

ஆயில் விளக்கு அணையாமல் அடியிலிருந்து 'தொம் தொம்' என்று இடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டக் கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

ஏப்ரலில் வருகிறவர்கள் திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறைக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கடையும் ஒர்க்‌ஷாப்பும் பூட்டியிருக்கும். பாகம் வாங்கப் போகும்போது சேசிஸ் தகட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். என்சிபி50 என்றிருந்தால் அது 1.3 லிட்டர் இன்ஜின். அதைச் சொல்லியே பாகம் கேட்க வேண்டும்.