ஒற்றை உடலா, இரட்டை உடலா: ஓய்வுக்குப் பின் ஒரு பாய்மரப் படகு

பால்டிமோரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பதி போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்கள். அவருக்கு 67, அந்த அம்மாவுக்கு 65. குளிர்காலம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பது என்று முடிவு. செசபீக் விரிகுடாவில் கிளம்பி, நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை 1,090 மைல் நீளும் கரையோர நீர்வழியில் இறங்கி, அங்கிருந்து பஹாமாஸ். ஜூன் 1 புயல் பருவம் தொடங்குவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வலசைப் பறவைகள் மாதிரி வருடந்தோறும் இப்படிப் போய்வருகிறவர்கள் ஏராளம்.

தகராறு படகில்தான். அவருக்கு மோனோஹல், அதாவது அடியில் கீல் என்ற கனமான துடுப்பு தொங்கும் ஒற்றை உடல் படகு. அந்த அம்மாவுக்கு கேட்டமரான், இரட்டை உடல் படகு. இரண்டிலும் அவர்களோடு வெள்ளோட்டம் போனவன் நான். இது என் கணக்கு.

கேட்டமரான் என்றதும் நமக்கெல்லாம் ஒரு பெருமிதம் வரும். சொல் நம் கட்டுமரம்தான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்துபோன ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் அதை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இன்றைக்கு விற்கிற படகுக்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. நம்முடையது மரங்களைக் கயிற்றால் பிணைத்தது, இடுக்கில் தண்ணீர் வந்து போகும். இரண்டு உடலைத் தள்ளி வைத்து மேலே தளம் போடுவது பசிபிக் தீவுக்காரர்களின் கைவண்ணம்.

முழங்கால் விஷயத்தில் கேட்டமரானை அடித்துக்கொள்ள ஆளில்லை. உட்காரும் கூடமும் சுக்கான் பிடிக்கும் இடமும் ஏறக்குறைய ஒரே மட்டம். குளித்துவிட்டு ஏறவும், சிறுபடகிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கி வைக்கவும் பின்பக்கம் படிக்கட்டே இருக்கிறது. மோனோஹல்லில் உள்ளே போக ஐந்தாறு செங்குத்துப் படி, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. காற்று வந்தால் படகு பதினைந்து பாகை சாய்ந்து நிற்கும்; அடுப்பைத் தொட்டில் மாதிரி ஆட விட்டிருப்பார்கள், சமைக்கிறவர் இடுப்பை மேடையில் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். கேட்டமரானில் மேசை மேல் வைத்த காப்பி டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எதிர்க்காற்றில் அலை கிளம்பியதும் கதை மாறியது. இரண்டு உடலுக்கும் நடுவே இருக்கும் தளத்தின் அடியில் தண்ணீர் வந்து அறைந்தது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பது போலச் சத்தம். டம்ளர் ஒரு விரல் அளவு துள்ளியது. சாய்வு மெதுவாக வந்து நிற்கும், உடம்பு பழகிக்கொள்ளும். அடியில் விழும் இந்த மொத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

பாயைக் குறைக்கிற விஷயம் இதைவிட முக்கியம். மோனோஹல்லில் காற்று கூடினால் படகு சாயும், சுக்கான் கனக்கும். புதிதாக ஏறியவருக்கும் 'போதும், பாயை மடி' என்று புரிந்துவிடும். கேட்டமரான் சாயாது. தாங்கித் தாங்கி நிற்கும், பளு அத்தனையும் பாய்மரத்திலும் கம்பியிலும் போய் ஏறும். காற்றுமானியைப் பார்த்து, காற்றின் வேகம் இத்தனை நாட் (கடல் மைல்/மணி) ஆனால் முதல் மடிப்பு, இத்தனை ஆனால் இரண்டாவது என்று பட்டியலின்படி நடக்க வேண்டும். இரவு இரண்டு மணிக் காவலில், கண் சொக்கும் நேரத்தில், உடம்பு சொல்வதை நம்புவதா, எண் சொல்வதை நம்புவதா? நான் உடம்பின் கட்சி.

கவிழ்வதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கேட்டமரான் கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே மிதக்கும். மோனோஹல்லை கீலின் கனம் நிமிர்த்திவிடும், ஆனால் பெரிய ஓட்டை விழுந்தால் மூழ்கும். பருவம் பார்த்துப் போகிற தம்பதிக்கு இரண்டுமே அபூர்வம்.

ஆழத்தைப் பேசியாக வேண்டும். ஏழடிக்கு கீல் இறங்கிய படகுக்கு பஹாமாஸில் பாதி இடம் கிடையாது. ஜார்ஜியாவில் ஓதத்தில் கடல்மட்டம் ஏழெட்டு அடி ஏறி இறங்கும். ஜெக்கில் கிரீக் மாதிரி இடத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் நுழைந்தால் சேற்றில் குத்தி, தண்ணீர் வடிய வடியப் படகு சாய்ந்து படுக்கும். லகூன் 42 போன்ற கேட்டமரானுக்கு நாலடி சொச்சம் தண்ணீர் போதும். அதே சமயம் ஐலண்ட் பாக்கெட் 350 மாதிரி ஆழம் குறைந்த கீல் வைத்த மோனோஹல்லும் நாலரை அடிக்குள் அடங்கிவிடும். இதைக் கேட்டமரான் விற்கிறவர்கள் சொல்வதில்லை!

பணம்: அதே நீளம், அதே வயது என்றால் கேட்டமரான் ஏறக்குறைய இரட்டிப்பு விலை. இரண்டு எஞ்சின், இரண்டு அடிப்பாகத்துக்கும் பெயிண்ட். 25 அடி அகலத்தைத் தூக்கும் கிரேன் எல்லாப் படகுத் துறையிலும் இல்லை, நிறுத்துவதற்கும் பல இடங்களில் ஒன்றரை மடங்கு வாடகை. ஆனால் அந்த இரண்டு எஞ்சினும் துறைக்குள் வரம்தான்: ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே விட்டால் படகு நின்ற இடத்திலேயே சுழலும்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு எனக்கு ஒரு கேள்விதான் மிஞ்சியது. இரண்டு பேர் போகிற படகில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் தனியாகக் கரை சேர்ப்பாரா? பிரிட்டனைச் சேர்ந்த ஜீன் சாக்ரடீஸ் ஓய்வுக்குப் பின் கணவரோடு கடலோடியவர். 2003இல் கணவர் காலமான பிறகும் விடவில்லை. 2019இல், 77 வயதில், எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி முடித்தார். படகு 38 அடி மோனோஹல். எல்லோரும் அவரைப் போல இருக்க முடியாதுதான். ஆனால் அந்த அளவுப் படகு ஒரு ஆளின் கைக்கு அடங்கும்.

இதை நான் சொல்வதற்கு முன்பே அந்த அம்மா யோசித்திருந்தார். இரண்டு வெள்ளோட்டத்திலும் கணவரைக் கை கட்டி உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் தானே செய்தார். கேட்டமரானில் பொத்தானை அழுத்தினார், கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் பெரிய பாயைச் சரசரவென்று ஏற்றியது. இறக்கிவிட்டு, "இப்ப கரண்ட்டை நிறுத்துங்க" என்றார். கைப்பிடி போட்டுச் சுற்றினார். பாதிக்கு மேல் அசையவில்லை. நான் பிடித்தேன், இன்னும் நாலு சுற்று வந்தது. ஐம்பது சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் பாய் அது. மோனோஹல்லில் அதில் ஏறக்குறைய பாதிதான். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார், ஏற்றிவிட்டார். துறையில் கட்டும்போது மட்டும் படகின் முன்முனை துறைக் கட்டையில் லேசாக உரசியது.

மோனோஹல்தான் வாங்கினார்கள், கேட்டமரான் கேட்டவரே சொல்லி. போன சனிக்கிழமை உள்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட அளவெடுத்தோம். அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு படியாக இறங்கி, கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று காட்டினார்.