டப்ளினில் 'ஹோஸ்ட் ஃபேமிலி' என்று சொல்லிப் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறவர்களும் பிள்ளைகளை அனுப்பப் போகும் பெற்றோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடந்த செப்டம்பரில் முதுநிலைப் படிப்புக்காகத் திருச்சியிலிருந்து டப்ளின் வந்தேன். தங்குவதற்கு ஏற்பாடு செய்து தருகிறோம் என்ற ஒரு கன்சல்டன்சியிடம் 2,700 யூரோ கட்டினோம். மாதம் 900 வீதம் இரண்டு மாத வாடகை, அதோடு ஒரு மாத டெபாசிட். நம் பணத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அம்மாவின் வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

டப்ளினில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதைக் காட்டித்தான் அவசரப்படுத்தினார்கள். "ஐரிஷ் குடும்பம்மா, சொந்த வீடு மாதிரி இருக்கும். தனி ரூம், காலையும் ராத்திரியும் சாப்பாடு. நீங்க படிப்பை மட்டும் பாருங்க" என்றார் அங்கிருந்தவர். இன்றைக்குள் கட்டாவிட்டால் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். அப்பா அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை வந்து இறங்கினேன். லூகன் பகுதியில் அமைதியான தெரு, வீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பெட்டியை இறக்கி வைப்பதற்குள் பால் விட்ட டீ கொடுத்தார். குளிப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சூடாக்கும் 'இமர்ஷன்' சுவிட்சைப் போட வேண்டும், குளித்ததும் அணைக்க வேண்டும் என்று இரண்டு முறை காட்டிக் கொடுத்தார். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே: உருளைக்கிழங்கு, கேரட், கோழி. அடுப்பைத் தொடக் கூடாது, கெட்டிலும் டோஸ்டரும் மட்டும் உபயோகிக்கலாம் என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன குக்கர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இதெல்லாம் பழகிவிடும் என்று நினைத்தேன். அலமாரியில் எனக்கு இரண்டு தட்டுதான் காலியாக இருந்தது, மற்றதில் எல்லாம் யாரோ பையனின் ஃபுட்பால் சட்டைகள். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா, "இன்று எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்? போகும்போது படுக்கை விரிப்பைத் துணிக்கூடையில் போட்டுவிடு" என்றார். காலேஜுக்குக் கிளம்புவதைக் கேட்கிறார் என்று நினைத்து எட்டரைக்கு என்றேன். அப்புறம்தான் புரிந்தது. அது கால்வே என்ற வேறு ஊரில் படிக்கும் அவர் மகனுடைய அறை. அவன் வெள்ளி இரவு வீட்டுக்கு வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போவான். எனக்கு அறை திங்கள் முதல் வெள்ளி வரைதான்.

இங்கே இதற்கு 'டிக்ஸ்' என்று பெயர். ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை, பெரும்பாலும் சாப்பாட்டோடு. அதில் வாரம் ஐந்து நாள் மட்டும் என்பது சாதாரண வழக்கம், ஏனென்றால் இங்குள்ள மாணவர்கள் வார இறுதியில் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். நான் எங்கே போவேன்?

சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவர் கையிலும் இருந்த தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவரிடம் இருந்ததில் ஐந்து நாள், மாதம் 650 யூரோ, டெபாசிட் கிடையாது. என்னுடையதில் முழு மாதம், 900 யூரோ, டெபாசிட் 900. இடையில் இருந்த பணம் முழுக்கக் கன்சல்டன்சியிடம். அந்த அம்மா முகம் சிவந்துபோனார். முதல் வார இறுதிக்கு மட்டும் மகனை ஹாலில் படுக்க வைத்தார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஐந்து வார இறுதிகளும் ஒரு சீனியர் அக்காவின் அறைத் தரையிலும், இடமில்லாதபோது பத்துப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையிலும் கழிந்தன. வெள்ளிக்கிழமை ஆனாலே அம்மா வீடியோ காலில் "இன்னைக்கு எங்கே படுப்ப?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கன்சல்டன்சியில் முதலில் "பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

திரெஷோல்ட் என்ற வீட்டுவசதி அறக்கட்டளை இங்கே இலவசமாக ஆலோசனை தருகிறது. அவர்கள் சொல்லித்தான் ஒன்று தெரிந்தது. வீட்டுக்காரர் வசிக்கும் வீட்டிலேயே அறை எடுத்தால் சட்டப்படி நாம் வாடகைதாரர் இல்லை, 'லைசென்சி', அதாவது வீட்டுக்காரரின் அனுமதியில் தங்குபவர். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ஆர்டிபி என்ற அரசு வாரியம் நமக்கு உதவாது. வாடகைதாரருக்கு உள்ள நோட்டீஸ் காலமும் நமக்குக் கிடையாது. ஆனால் வீட்டுக்காரரே டெபாசிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால், 25 யூரோ கட்டி, சிறு தொகை வழக்குகளுக்கான 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' முறையில் நீதிமன்றத்தில் 2,000 யூரோ வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. என் டெபாசிட் அந்த அம்மாவிடம் போகவே இல்லை என்பதால் எனக்கு அந்த வழியும் பயன்படவில்லை.

அதனால் தயவுசெய்து, பணம் கட்டும் முன் அந்தக் குடும்பத்தோடு நீங்களே வீடியோ காலில் பேசுங்கள். பேச விடமாட்டோம் என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். வாரத்தில் எத்தனை இரவு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் அறை உண்டா, சமைக்கலாமா, டெபாசிட் யார் கையில் இருக்கும் என்பதை வீட்டுக்காரரின் மெயிலிலேயே எழுதி வாங்குங்கள். முகவரிக் கடிதம் தருவாரா என்றும் கேளுங்கள். வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் இங்கே தரும் பிபிஎஸ் எண்ணை வாங்க முகவரிச் சான்று வேண்டும். அந்த எண் இல்லாமல் பார்ட் டைம் வேலைக்குப் போனால் சம்பளத்தில் 40 சதவீதம் அவசர வரியாகப் பிடித்துவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு, அறையை நேரில் பார்த்து முடிவு செய்தால் இன்னும் நல்லது. செலவு அதிகம்தான், ஆனால் நான் இழந்ததில் பாதி கூட ஆகாது.

ஊரில் ஏஜென்ட் ஏமாற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் ஆபீஸ் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பணம் அப்பாவின் கணக்கிலிருந்து போனதால் அவர் பெயரில் திருச்சியில் போட்டிருக்கிறோம். இரண்டு தாள்களின் நகலையும், "முழு மாதமும் தங்கலாம்" என்று கன்சல்டன்சி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் இணைத்திருக்கிறோம். அந்த ஐரிஷ் அம்மா தனக்கு வந்தது எவ்வளவு என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். முதல் விசாரணை அடுத்த மாதம்.