எக்ஸ்யுவி700: 18 அங்குலத்திலிருந்து 17-க்கு இறங்கிய பிறகு

மஹிந்திரா எக்ஸ்யுவி700-இல் ஏஎக்ஸ்7 வேரியன்ட்டுக்கு 235/60 ஆர்18 டயர், அதாவது 18 அங்குல ரிம்மில் மாட்டுவது. அதற்குக் கீழுள்ள ஏஎக்ஸ்5-க்கு 235/65 ஆர்17. என்னுடையது டீசல் ஏஎக்ஸ்7. வண்டியோடு வந்த செட்டை ஓட்டி முடித்ததும் 17-க்கு மாறினேன். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. திரும்ப 18 போடும் எண்ணம் துளியும் இல்லை.

காரணம் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர். 235 மி.மீ. அகலத்தில் 60 சதவீதம் என்றால் பக்கவாட்டு உயரம் 141 மி.மீ. அதுவே 65 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 153. இந்த 12 மி.மீ. கூடுதல் உயரம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், மழை விட்ட மறுவாரம் வேளச்சேரி, மடிப்பாக்கம் உள்தெருக்களில் ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும். முன்பு ‘டங்’ என்று ஸ்டீயரிங் வரை ஏறிய அடி இப்போது டயரிலேயே அடங்கிவிடுகிறது.

18-இல் இருந்தபோது தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கி உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோனால்தான் இப்படிப் புடைக்கும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ரப்பர் மட்டுமே. பஞ்சர் மாதிரி ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்றியாக வேண்டும். சைடுவால் உயரமாக இருந்தால் இந்த ஆபத்து குறையும்.

இதில் அழகான விஷயம், இரண்டு சைஸின் மொத்த விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்: 18-க்கு 739 மி.மீ., 17-க்கு 737. ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், கிரவுண்ட் கிளியரன்ஸ் எதுவும் சொல்லும்படி மாறாது. சிலர் ரிம்மை மாற்றாமல் 235/65 ஆர்18 போடுகிறார்கள். அதில் விட்டம் 763 மி.மீ. ஆகிவிடும், மீட்டர் 3 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும், வீல் ஆர்ச்சில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

குறையும் உண்டு. திருச்சி நெடுஞ்சாலையில் வேகமாக லேன் மாறும்போது 18-இல் இருந்த இறுக்கம் இப்போது இல்லை, வண்டி அரை நொடி யோசித்துத் திரும்புவது போல இருக்கும். பெரிய ரிம்மின் கம்பீரமும் போய்விட்டது. மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை.

மாற்ற நினைப்பவர்கள் வேறு கம்பெனி ரிம் வாங்குவதைவிட ஏஎக்ஸ்5-இன் ஒரிஜினல் 17 அங்குல ரிம்மையே தேடுங்கள். ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு), போல்ட் துளை பற்றிய கவலை குறையும். ஆனாலும் பிரேக் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தட்டுகிறதா என்று ஒரு வீலை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். காற்றழுத்த சென்சார்களைப் பழைய ரிம்மிலிருந்து கழற்றி மாற்றச் சொல்ல வேண்டும். லோட் இன்டெக்ஸ் பழைய டயரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது: 103 என்றால் ஒரு டயர் 875 கிலோ தாங்கும், 107 என்றால் 975. பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரிப்புத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரை நான் வாங்குவதில்லை.