கோகோபீட்டுக்கு மாறியதும் நாற்று ஏன் சுணங்குகிறது: உப்புத்தண்ணிக் கரையில் ஒரு வருடப் பயன்பாடு

ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் உரநீரில் வளர்க்கும்) தொட்டியில் தளதளவென்று நின்ற தக்காளி, மிளகாய் நாற்று, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பைக்கு மாறிய நாலாம் நாளே தலை சாய்க்கும். உடனே கை உர டப்பாவுக்குப் போகும். ராமநாதபுரம் கரையில் மண்டபம், உச்சிப்புளி, தொண்டிப் பக்கத்து மாடித்தோட்டங்களில் குறை பெரும்பாலும் உரத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. பாதி உப்பு கோகோபீட் கட்டியோடு வருகிறது, மீதி தண்ணீரோடு.

கோகோபீட் வெறுமனே ஈரம் பிடிக்கிற பஞ்சு இல்லை. அதன் பரப்பில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை தடவை அலசினாலும் கரைந்து நிற்கிற உப்புதான் போகும். ஒட்டியிருப்பதைக் கிளப்ப, அந்த இடத்தில் கால்சியம் வந்து உட்கார வேண்டும். அந்த வேலையை முன்கூட்டியே முடிக்காவிட்டால், நாற்றுக்கு ஊற்றுகிற உரத்திலுள்ள கால்சியத்தைக் கோகோபீட் பிடித்துக்கொண்டு சோடியத்தை வேர்ப்பக்கம் விடும். பத்து நாளில் குருத்திலை நுனி பழுப்பேறிச் சுருங்கும். இதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் அதிகம். மிளகாயில் இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கி ஓடம் மாதிரி மடங்கும், மஞ்சள் சிலந்தி என்றால் கீழ்நோக்கி வளையும். இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்து குருத்து நுனி மட்டும் கருகினால் கால்சியத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். ஊற வைக்கவே 25 லிட்டர் தண்ணீர் வேண்டும், அலச அதற்கு மேல். குடம் கணக்கில் நல்ல தண்ணி வாங்குகிற ஊரில் இது சின்னச் செலவு இல்லை. அதனால் முதல் இரண்டு அலசலைப் போர் தண்ணீரில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தண்ணீரின் ஈசி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு, mS/cm) 1.5-க்குள் இருக்க வேண்டும். கடைசி அலசல் நல்ல தண்ணியில். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, கோகோபீட் மூழ்க ஊற்றி, ஓர் இரவு விட்டு வடித்து, நல்ல தண்ணியில் ஒரு தடவை அலச வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, சொட்டும் நீரை அளந்தால் ஈசி 0.8-க்குக் கீழ் வர வேண்டும். டிடிஎஸ் பேனா (கரைந்த உப்பை ppm-இல் காட்டும் கருவி) மட்டும் இருந்தால் 400-க்குக் கீழ். 500 கணக்கில், அதாவது ஈசி 1-ஐ 500 என்று காட்டி, ஓடுகிற பேனாவுக்குத்தான் இந்த எண் பொருந்தும். 700 கணக்குப் பேனாவும் விற்கிறது, உறையில் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவிப் பதப்படுத்திய ‘லோ ஈசி’ கட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்தக் கரையில் நியாயம்தான். அலசும் தண்ணீரின் விலையைச் சேர்த்தால் அதுவே மலிவு.

நாற்றை மாற்றும் நாள் முக்கியம். இரண்டு உண்மை இலை விரிந்து, வேர் 3 அல்லது 4 செ.மீ. இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்குள் வளர்ந்த வேரில் நீரை உறிஞ்சும் தூவி குறைவு. வேர் நீள நீள, புது இடத்தில் நீரை உறிஞ்சத் திணறும். நாற்று முளைத்த ஸ்பாஞ்சைப் பிய்க்கக் கூடாது, வேர் அறும். அதன் மேல்விளிம்பு கோகோபீட்டுக்கு வெளியே தெரிந்தாலும் வம்புதான்: விளிம்பு வழியாக நீர் ஆவியாகி, தண்டைச் சுற்றி வெள்ளை உப்பு வளையம் கட்டும். அரை செ.மீ. மூடினால் போதும். தக்காளியை இன்னும் ஆழமாக வைக்கலாம். கீரை, லெட்டூஸ் வகைகளின் குருத்து புதையக் கூடாது.

முதல் வாரம் உரக்கரைசல் ஈசி 0.8 முதல் 1.0, பிஎச் (அமில-காரத் தன்மை அளவு) 5.8 முதல் 6.2. அடுத்த வாரம் 1.2. ஹைட்ரோவுக்கென்று ஏ, பி என இரண்டு பாகமாக விற்கிற உரமே போதும், கால்சியம் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏ, பி அடர்கரைசல்களை நேரடியாகக் கலந்தால் கால்சியம் வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். உரக்கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்று 19:19:19 மட்டும் ஊற்றுவது தப்பு. அதில் கால்சியமே இல்லை, நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா.

தண்ணீர் விடுவதில்தான் ஹைட்ரோ பழக்கம் காலை வாருகிறது. தொட்டியில் நீர் எப்போதும் இருந்தது, அதே எண்ணத்தில் கோகோபீட்டைச் சொதசொதவென்று வைத்தால் வேர் மூச்சுத் திணறி, தண்டின் கழுத்து கறுத்துச் சாயும். மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பையையோ கப்பையோ கையில் தூக்கி எடை பார்ப்பதுதான் நம்பகமான அளவு. ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும். வடிநீரின் ஈசி, ஊற்றியதைவிட 0.5 கூடினால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். அப்போது பாதி வீரியக் கரைசலை ஊற்றி அலச வேண்டும். வெறும் போர் தண்ணீரை ஊற்றினால் சோடியம் மறுபடி குடியேறும்.

கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கிற மாதங்களில் இன்னொரு கணக்கு உண்டு. கோகோபீட் ஈரமாகவே இருந்தாலும் பகல் ஒரு மணிக்கு நாற்று வாடும். வேர் தருவதைவிட இலை இழப்பது அதிகம். முதல் மூன்று நாள் 50 சதவீத நிழல்வலை, காற்று வரும் பக்கம் ஒரு சாக்கு மறைப்பு. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் கவலை வேண்டாம். நிமிராவிட்டால் வேரை எடுத்துப் பார்க்க வேண்டும், பழுப்பாகி உறை கழன்று வந்தால் அழுகல். கடலுக்கு நெருங்கிய வீடுகளில் இலையில் படியும் உப்பைக் காலையில் நல்ல தண்ணி தெளித்துக் கழுவலாம்.

கோகோபீட்டின் மேல் பச்சைப்பாசியும் சின்னக் கறுப்பு ஈயும் வந்தால் சிலர் கடல் மணலைத் தூவுகிறார்கள். அதில் உப்பும் உண்டு, சிப்பித்தூளும் உண்டு. சிப்பிச் சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றி, குருத்தை நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளடிக்க வைக்கும். பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) ஒரு செ.மீ. போட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிட்டால் போதும்.

ஒரு வருடம் ஓடிய கோகோபீட் பொடிந்து அடியில் இறுகும், வடிகால் கெடும். தூக்கிப்போட வேண்டியதில்லை. சலித்துத் தூசியை நீக்கி, மூன்றில் ஒரு பங்கு தேங்காய் மட்டைத்துண்டு சேர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் ஓட்டையுள்ள சாக்கில் நிரப்பி, வாய் திறந்தபடி மாடியில் வைத்தால் அலசல் இலவசம். மழை விட்டதும் கால்சியம் நைட்ரேட் ஊறலை மட்டும் மறுபடி ஓர் இரவு கொடுத்து, வடித்து அலசிவிட்டு அடுத்த நாற்றை வைக்கலாம்.